கொல்லையில் நாலு கோழி: புகார் வரை போவது எந்தத் தவறுகளால்?

நாட்டுக்கோழி முட்டை விற்கும் விலையைப் பார்த்துவிட்டு, 'நாமே நாலு கோழி வளர்த்தால் என்ன?' என்று இறங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது, அதற்கு மாநகராட்சியில் அனுமதி வாங்க வேண்டுமா என்பதைத்தான். அமெரிக்காவின் சியாட்டில் போன்ற ஊர்களில் அதற்கு நேரடியான பதில் உண்டு: சாதாரண மனையில் எட்டுக் கோழி வரை வைத்துக்கொள்ளலாம், சேவல் கூடாது. நம் ஊரில் வீட்டுக்கோழி விவகாரம் அப்படி எண்ணிக்கையில் தொடங்குவதில்லை. பக்கத்து வீட்டார் கொடுக்கும் மனுவில் தொடங்குகிறது.

புகார் போனால் முதலில் வருபவர் பெரும்பாலும் சுகாதார ஆய்வாளர். நாற்றம் அடிக்கிறதா, ஈ மொய்க்கிறதா, கழிவுநீர் எங்கே போகிறது என்று பார்ப்பார். 1939-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் பிறருக்குத் தொல்லை தரும்படி விலங்கு வளர்ப்பதையும் தொல்லைப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. அதற்கு மேல் போனால் கோட்டாட்சியர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152. பொதுத்தொல்லையை அகற்றச் சொல்லி அவர் உத்தரவு போடலாம். இதெல்லாம் கோழிக்கா என்று சிரிக்க வேண்டாம். 2025 தொடக்கத்தில் கேரளத்தின் அடூரில், விடியற்காலை 3 மணிக்கே கூவிய ஒரு சேவலால் தூக்கம் போகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுத்தார். கோட்டாட்சியர் நேரில் பார்வையிட்டு, மேல்மாடியில் இருந்த கூட்டை 14 நாளுக்குள் வளாகத்தின் தெற்குப் பக்கத்துக்கு மாற்றச் சொன்னார்.

அந்த வழக்கிலேயே இரண்டு பெரிய தவறுகள் இருக்கின்றன: சேவல், கூடு வைத்த இடம்.

சேவல் இல்லாமல் கோழி எப்படி முட்டையிடும் என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். இடும். அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். குஞ்சு வேண்டுமென்றால் கரு கூடிய முட்டை வாங்கிவந்து அடைக்கோழிக்கு வைத்தால் 21 நாளில் பொரித்துவிடும். ஆகவே முட்டைக்காக வளர்ப்பவர் வீட்டில் சேவலுக்கு வேலையே இல்லை. ஆனாலும் அது எப்படியோ வந்து சேர்கிறது. குஞ்சாக வாங்குவதுதான் காரணம். தெருவில் சைக்கிளில் பச்சை, ரோஸ் சாயம் பூசி விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைக்காரர்கள் கழித்துவிட்ட ஆண் குஞ்சுகள். பிழைத்து வளர்ந்தால் நாலைந்து மாதத்தில் தெருவையே எழுப்பும். விலை கூடினாலும் முட்டையிடப் போகும் பருவத்து விடைக்கோழியாகப் பார்த்து வாங்குவது நல்லது.

கூட்டைச் சாக்கால் மூடிவிட்டால் சேவல் கூவாது என்பதையும் நம்ப வேண்டாம். விடியலைச் சேவல் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தாலேயே அறிகிறது என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். நாள் முழுக்க மங்கிய வெளிச்சத்தில் வைத்தும் நேரத்துக்குக் கூவின. ஒலி மாசு விதிகளின்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்கு அந்நேர அளவு 45 டெசிபல். நான்கு மணிச் சேவலுக்கு அதைப் பற்றி என்ன கவலை? ஊரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது கூடு. நம் படுக்கையறைக்கு எட்ட இருக்கட்டும் என்று காம்பவுண்டுச் சுவர் ஓரமாகக் கட்டுகிறோம். நமக்கு எட்ட என்பது அவர்களுக்குக் கிட்ட. பல வீடுகளில் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சமையலறை ஜன்னல் இருக்கும். நாற்றம் தாங்குமா என்று தெரிய வேண்டுமானால் கூட்டை நம் சமையலறைப் பக்கமே வைத்துப் பாருங்கள். நம்மால் முடியாததை அவர்கள் மட்டும் ஏன் பொறுக்க வேண்டும்?

நாற்றத்துக்கு மூலம் ஈரம். கோழி எச்சம் காய்ந்து கிடந்தால் பெரிதாக நாறாது. நனைந்தால்தான் அம்மோனியா கிளம்பிக் கண்ணை எரிக்கும். சுத்தமாக இருக்கட்டும் என்று தினமும் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தரை பளிச்சென்று இருக்கும், தெருச் சாக்கடை நாறும். தரையில் நாலு அங்குலத்துக்கு நெல் உமியோ தேங்காய் நார்த்தூளோ பரப்பி, அவ்வப்போது கிளறி, கொஞ்சம் சுண்ணாம்புத்தூள் தூவினால் போதும். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் நல்லது. உருண்டையாகவே நின்றால் ஈரம் ஏறிவிட்டது, அந்தப் பகுதியை அள்ளிப் புதிது போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் உள்ளே அடிக்காமல் கூரையை இரண்டடி வெளியே நீட்டிவிடுங்கள். ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். அதனால் எச்சம் வாரம் ஒருமுறையாவது வெளியேற வேண்டும்.

இரை மிச்சம் கிடந்தால் எலி வரும், எலி பின்னாலேயே பாம்பு வரும். பொழுது சாய்ந்ததும் தட்டை எடுத்துவிட்டு, குருணையையும் கம்பையும் மூடியுள்ள டிரம்மில் வையுங்கள்.

'திறந்துவிட்டால்தான் நாட்டுக்கோழி' என்பது கிராமத்துக்குச் சரி. மூன்று சென்ட் மனையில் அது நேராகப் பக்கத்து வீட்டுக் கீரைப்பாத்தியைத்தான் கிளறும். இல்லாவிட்டால் மொட்டைமாடியில் வேட்டி விரித்துப் பிழிந்திருக்கும் வடகத்தின் மேல் மூன்று விரல் தடத்தைப் பதித்துவிட்டு வரும். அந்த வடகத்துக்கு எந்தச் சமாதானமும் ஈடாகாது. பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் நின்று திறந்துவிடுங்கள். இருட்டினால் தானாகவே கூட்டுக்குத் திரும்பும், தூரம் போக நேரமிருக்காது. ஒரு பக்க இறக்கையின் நீள இறகுகளைக் கத்தரித்தால் சுவர் தாண்டுவதும் குறையும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னொரு தவறு செய்கிறார்கள். செல்லப்பிராணியைச் சங்கம் தடுக்க முடியாது என்று விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதலைக் காட்டுகிறார்கள். அது நாய்களைப் பற்றியது. பால்கனிக் கோழியைக் காப்பாற்றாது. வாடகை வீடு என்றால் கோழி வாங்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாலு கோழி நாற்பதாகி முட்டை வியாபாரம் தொடங்கினால் அப்புறம் அது தொழில். குடியிருப்பு மண்டலத்தில் அதை நடத்தலாமா, உரிமம் வேண்டுமா என்ற கேள்வி அப்போது வரும்.

வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போடாமல் விடுவதும், செத்த கோழியைத் தெருக் குப்பைத்தொட்டியில் வீசுவதும் கூடவே கூடாது. அடுத்தடுத்து இரண்டு மூன்று செத்தால் மறைக்காமல் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். பறவைக்காய்ச்சல் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் எல்லார் வீட்டுக் கோழியும் அழிக்கப்படும்.

பக்கத்து வீட்டுக்காரர் முதல் முறை முகம் சுளிக்கும்போது, 'உங்க நாய் குரைக்கலையா?' என்று கேட்பதுதான் பல மனுக்களை எழுத வைக்கிறது. கோழி வாங்கும் முன்பே சொல்லிவையுங்கள், அவ்வப்போது நாலு முட்டை கொடுங்கள். சைவ வீடாக இருந்தால் முட்டை எடுபடாது. மக்கவைத்த கோழி எரு அவர்கள் ரோஜாத் தொட்டிக்கு எடுபடும்.

மீறி நோட்டீஸ் வந்துவிட்டால் மேசையில் போட்டு வைக்காதீர்கள். கோட்டாட்சியரிடமிருந்து அந்த 152-ஆம் பிரிவின் கீழ் வரும் முதல் உத்தரவு நிபந்தனை உத்தரவுதான்: சொன்னதைச் செய்யலாம், அல்லது குறித்த நாளில் ஆஜராகி ஆட்சேபம் சொல்லலாம். இரண்டையும் செய்யாவிட்டால் அது உறுதியாகிவிடும். கூட்டை நகர்த்திவிட்டீர்கள், உமி மாற்றிவிட்டீர்கள், சேவலை அனுப்பிவிட்டீர்கள் என்றால் தேதியோடு படம் எடுத்து, எழுத்தில் பதில் கொடுத்து, ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.