தொர்தோஞ் பக்கம் போகிறீர்களா? முதலில் சந்தை நாளைப் பாருங்கள்

பாரிஸைத் தாண்டி பிரான்ஸின் கிராமப்புறத்தைப் பார்க்கவேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பாதிப்பேர், இணையத்தில் கிடைக்கும் 'மிக அழகான கிராமங்கள்' பட்டியல் ஒன்றை எடுத்து, மேப்பில் புள்ளி வைத்து, ஒரே நாளில் ஐந்து ஊரைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மூன்றாவது ஊருக்குள் நுழையும்போதே எல்லாக் கல்வீடும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும். ஊரை வைத்துத் திட்டம் போடாமல் சந்தை நாளை வைத்துப் போடுங்கள் என்பதுதான் என் யோசனை. காலையில் சந்தை, மதியம் சாப்பாடு, வெயில் தாழ்ந்ததும் பக்கத்தில் ஒரே ஒரு ஊர். அவ்வளவு போதும்.

ஏன் சந்தை என்றால், சாதாரண நாளில் இந்தக் கிராமங்களில் பாதி ஜன்னல்கள் மூடிக்கிடக்கும், தெருவில் நம்மைப்போன்ற சுற்றுலாக்காரர்கள்தான் நடந்துகொண்டிருப்போம். சந்தை நாளில் அதே சதுக்கத்துக்குச் சுற்றுவட்டார விவசாயிகள் வேனில் வந்து இறங்குவார்கள், ஊர்ப் பாட்டிகள் சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு வருவார்கள், காபிக் கடையில் நாற்காலி கிடைக்காது. நூற்றுக்கணக்கான வருஷமாக அந்தச் சதுக்கம் எதற்காக இருக்கிறதோ அது நடந்துகொண்டிருக்கும்.

எந்தப் பகுதி என்று கேட்டால், முதல் முறை போகிறவர்களுக்குத் தென்மேற்கிலுள்ள தொர்தோஞ் ஆற்றுப் பள்ளத்தாக்கைத்தான் சொல்வேன். பெரிகோர் என்று பழைய பெயர். லாவெண்டர் வயல் போட்டோவுக்காக எல்லோரும் புரோவான்ஸுக்கு ஓடுகிறார்கள், ஓடட்டும். தொர்தோஞ்சில் கோட்டைகளும் ஆறும் சந்தைகளும் நெருக்கமாக இருக்கின்றன. சார்லா என்ற ஊரில் தங்கினால் பெய்நாக், லா ரோக் கஜாக், தொம் மூன்றுமே சுமார் 10, 15 கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

அந்த 'அழகான கிராமங்கள்' பட்டியல் ஒன்றும் பொய்யில்லை. 1982இல் கொலோஞ் லா ரூஜ் என்ற ஊரின் மேயராக இருந்த சார்ல் செய்ராக் தொடங்கிய சங்கம் தருகிற பட்டம் அது. ஊரின் மக்கள்தொகை 2000க்கு மேல் போகக்கூடாது, குறைந்தது இரண்டு பாதுகாக்கப்பட்ட இடங்களாவது இருக்கவேண்டும், இப்படிச் சில நிபந்தனைகள். ஆனால் அங்கே செவ்வாய்க்கிழமை உயிரோட்டம் இருக்குமா, சனிக்கிழமையா என்று அந்தப் பட்டியல் சொல்லாது. சார்லா கொஞ்சம் பெரிய ஊர் என்பதால் அதில் இடமே இல்லை. சுற்றுவட்டாரத்தின் பெரிய சந்தை என்னவோ அங்கேதான்.

வாரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். சார்லாவில் புதனும் சனியும். செவ்வாய் ல பூக். வியாழன் தொம், அல்லது கொஞ்சம் தூரம் போகத் தயார் என்றால் மோன்பாசியே. வெள்ளிக்கிழமை கோடைக்காலமானால் லா ரோக் கஜாக். ஞாயிறு சேன் சிப்ரியேன் அல்லது இசிஜாக். இசிஜாக் தூரம்தான், ஆனால் வளைந்து வளைந்து போகும் அதன் குறுகிய சந்துகள் முழுக்கக் கடை பரப்பியிருப்பார்கள், போய்வரலாம். திங்களன்று நிறையக் கடைகள் மூடியிருக்கும், அன்றைக்கு ஆதிமனிதர் வரைந்த ஓவியங்களுள்ள லாஸ்கோ குகையை வைத்துக்கொள்ளுங்கள். 1940இல் கண்டுபிடித்த அசல் குகையை 1963லேயே பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள்; இப்போது பார்ப்பது 2016 டிசம்பரில் திறந்த முழு அளவு நகல். நகல்தானே என்று அலட்சியமாக நினைக்கவேண்டாம், நன்றாகச் செய்திருக்கிறார்கள். கிளம்பும் முன் அந்தந்த ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தின் தளத்தில் சந்தை நாளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் சில சந்தைகள் சுருங்கிவிடும், சில இருக்கவே இருக்காது.

பாரிஸிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து சார்லாவுக்கு உள்ளூர் ரயில் உண்டு, இரண்டரை மணிக்கு மேல் ஆகும், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஆடி அசைந்து போகும். ஆனால் சார்லாவிலிருந்து மற்ற ஊர்களுக்குப் பஸ்ஸை நம்பிப் போகமுடியாது. கார் வேண்டும்.

வாடகைக் காருக்கு இந்திய லைசென்ஸோடு ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொண்டு போங்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கியர் வண்டிதான் கையில் கொடுப்பார்கள், அங்கே கியர் வலது கையில். சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். பழகாதது 'வலப்பக்கத்துக்கு முன்னுரிமை' என்ற விதி. கிராமத்துக்குள் வலது பக்கச் சந்திலிருந்து ஒரு வண்டி வந்தால், நீங்கள் பெரிய தெருவில் போய்க்கொண்டிருந்தாலும், வேறு பலகை ஏதும் இல்லாதவரை நீங்கள்தான் நிற்கவேண்டும். சிவப்பு விளிம்போடு ஊர்ப்பெயர்ப் பலகை வந்தால் அங்கிருந்து 50 கிலோமீட்டர் வேகம். பெயரின் மேல் கோடு போட்ட பலகை வந்தால் ஊர் முடிந்தது. பெட்ரோல் பங்குகளில் ஞாயிற்றுக்கிழமை ஆள் இருக்கமாட்டார்கள், கார்டு சொருகித்தான் போடவேண்டும், அந்த மெஷின் சில சமயம் நம் ஊர்க் கார்டை ஏற்காது. சனிக்கிழமையே டேங்கை நிரப்பிவிடுங்கள்.

ஒரு வாரம் தங்குவதானால் ஹோட்டலைவிட ஜீத் என்று சொல்கிற வாடகை வீடு நல்லது. சமையலறை இருக்கும், சந்தைக்குப் போய்விட்டு எதையும் சமைக்க முடியாமல் திரும்புவது எவ்வளவு எரிச்சல்! ஜூலை, ஆகஸ்ட்டில் பெரும்பாலும் சனிக்கு சனிதான் கொடுப்பார்கள். படுக்கை விரிப்பு வாடகையில் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் சேர்த்தியில்லை. பாரிஸ் வழியாகப் போகிறவர்கள் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பேல் பகுதியிலுள்ள ஈழத்தமிழர் கடைகளில் கறிவேப்பிலை, மிளகாய்த்தூள், கொஞ்சம் அரிசி வாங்கிக்கொண்டால், சந்தைக் காய்கறி இரவில் குழம்பாகிவிடும்.

சரி, சந்தைக்கு வருவோம். சார்லாவில் புதன்கிழமை காலை 9 மணிக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிடவேண்டும். முதல் நாள் இரவே நிறுத்துகிறவர்கள் பலகையைப் படியுங்கள். சந்தை நாளில் சதுக்கத்தில் நிறுத்தக்கூடாது என்று கிழமை போட்டு எழுதியிருக்கும், கவனிக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பழைய ஊருக்குள் நுழைந்ததும் கூரைகளைப் பாருங்கள், ஓடு இல்லை, சுண்ணாம்புக் கல் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். இதெல்லாம் ஒரு காலத்தில் இடிந்துவிழும் நிலையில் இருந்தது. பழைய நகரப் பகுதிகளை மொத்தமாகக் காப்பாற்ற 1962இல் கலாசார அமைச்சர் மல்ரோ கொண்டுவந்த சட்டத்தின் கீழ் முதலில் சீரமைக்கப்பட்ட ஊர்களில் சார்லாவும் ஒன்று. நடுவே, பாதி இடிந்த ஒரு பழைய தேவாலயத்தை உள்ளரங்குச் சந்தையாக மாற்றியிருக்கிறார்கள், அதன் பிரம்மாண்டமான எஃகுக் கதவுகள் கட்டடக் கலைஞர் ழான் நூவெலின் கைவண்ணம். அவர் சிறுவயதில் வளர்ந்த ஊர் இது.

முதலில் எதையும் வாங்காமல் ஒரு முழுச் சுற்று வாருங்கள். ஒரே கடையில் தக்காளி, வாழைப்பழம், அவகாடோ, அன்னாசி எல்லாம் இருந்தால் அவர் மொத்த வியாபாரியிடம் எடுத்து விற்கிறவர். தப்பில்லை, ஆனால் அதற்காக இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை. ஐந்தாறு பொருள் மட்டும், அதிலும் கோணல்மாணலாக, கையால் எழுதிய விலைச்சீட்டோடு வைத்திருக்கிறவர் பெரும்பாலும் தானே விளைவித்தவர். உள்ளூர்க்காரர்கள் எங்கே வரிசையில் நிற்கிறார்களோ அங்கே நில்லுங்கள்.

வாயைத் திறந்ததும் முதலில் 'பொன்ழூர்'. அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் இறுகிவிடும். சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சைகையிலேயே நடந்துவிடும். பழத்தைக் கையால் அமுக்கிப் பார்க்காதீர்கள், நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லாது. மெலன் கடையில் எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்பார்கள், இன்றைக்கு மதியமா, ராத்திரியா, நாளைக்கா என்று. சும்மா பேச்சுக்குக் கேட்பதில்லை. சொன்னதும் ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பு சேரும் இடத்தைப் பார்த்து, முகர்ந்து, அந்த வேளைக்குப் பழுத்திருக்கிற ஒன்றைத் தேர்ந்து தருவார். ஸ்ட்ராபெரிக்கு மே, ஜூன் நல்ல காலம், காரிகெட் என்ற நீள வகை கிடைத்தால் விடாதீர்கள். அக்டோபரில் புது வால்நட் வரும். மண்ணுக்கடியில் விளையும் வாசனைக் காளானான கறுப்பு டிரஃபிளுக்கென்றே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சனிக்கிழமை காலைகளில் சார்லாவில் தனிச்சந்தை கூடும், வாங்காவிட்டாலும் வாசனைக்காகவே ஒரு நடை போகலாம். ஆட்டுப்பால் சீஸ் கபேகூ சின்னச் சின்ன வட்டமாக இருக்கும், எடை போடாமல் எண்ணித்தான் விற்பார்கள். இளசு, பாதி காய்ந்தது, நன்றாகக் காய்ந்தது மூன்றையும் ஒவ்வொன்று வாங்கி வால்நட் ரொட்டியோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

உணவுக் கடைகளில் பேரம் கிடையாது. பழைய சாமான் விற்கிற இடத்தில் தாராளமாகப் பேசலாம், எதிர்பார்ப்பார்கள்கூட. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், 50 யூரோ நோட்டை நீட்டினால் 2 யூரோ முள்ளங்கிக்கட்டு விற்கிறவர் பெருமூச்சு விடுவார். பன்னிரண்டரைக்குக் கடையைக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

சாப்பாட்டுக் கடையின் சமையலறை 12 முதல் 2 வரைதான் ஓடும். 2:15க்குப் போய் நின்றால் ஐஸ்கிரீம்தான். குழாய்த் தண்ணீர் ஒரு குடுவை கேளுங்கள், காசு கிடையாது. சைவக்காரர்கள் இங்கே கொஞ்சம் உஷாராக இருக்கவேண்டும், இது வாத்துக்கொழுப்பு ராஜ்ஜியம். சார்லா உருளைக்கிழங்கு வறுவல் என்று மெனுவில் பார்த்து ஆசைப்படாதீர்கள், அது வாத்துக்கொழுப்பில் வறுத்தது. பூண்டு சூப்பிலும் அதே கொழுப்பு இருக்கும். சூடான ஆட்டுச்சீஸ் சாலட் நல்லது, ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் மேலே பன்றி இறைச்சித் துண்டு தூவி வரும், 'சான் லார்தோன்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முட்டை சாப்பிடுகிறவர்களுக்குக் காளான் ஆம்லெட் இருக்கிறது. சுத்த சைவத்துக்குச் சந்தையில் வாங்கிய ரொட்டி, தக்காளி, பழம், ஆற்றங்கரை. ஹோட்டலைவிட அதுவே மேல் என்பேன்.

சாயந்திர ஊர்களில் என் ஓட்டு தொம்முக்கு. 1281இல் மூன்றாம் பிலிப் மன்னர் மலை உச்சியில் திட்டம்போட்டுக் கட்டிய கோட்டை ஊர். செங்குத்துப் பாறை இருக்கிற பக்கம் எதிரி வரமாட்டான் என்று சுவர் எழுப்பாமல் விட்டார்கள். கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் மோதிக்கொண்டிருந்த 1588இல் புராட்டஸ்டன்ட் தளபதி ஜெஃப்ருவா த விவான்ஸ் இரவோடு இரவாக அந்தப் பாறையிலேயே ஆட்களை ஏற்றி ஊரைப் பிடித்துவிட்டார். அந்த விளிம்பில் நின்றால் கீழே ஆறு வளைந்து போவது முழுக்கத் தெரியும். ஊர் வாசல் கோபுரங்களில் 1307க்குப் பிறகு அடைத்துவைக்கப்பட்ட டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர்க் காலத்து வீரத்துறவிகள் சுவரில் கீறிய உருவங்கள் இன்னும் இருக்கின்றன, ஆனால் வழிகாட்டியோடுதான் உள்ளே போகமுடியும், முன்பதிவு செய்யுங்கள்.

லா ரோக் கஜாக்கைப் பார்க்கக் கரையிலிருந்து படகு எடுங்கள். பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர், தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் அதன் நெருக்கடி புரியும். 1957இல் பாறை சரிந்து வீடுகள் நொறுங்கி உயிர்களும் போயின. தெற்குப் பார்த்த பாறை வெயிலைப் பிடித்துவைப்பதால் பனைவகை மரங்களும் வாழையும் அங்கே வளர்கின்றன என்பது நம் ஆட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பெய்நாக்கில் வண்டியை மேலே கோட்டைப் பக்கம் நிறுத்திவிட்டு இறங்கி நடங்கள், கீழே நிறுத்தினால் வழுக்குகிற கல்லில் ஏறி முழங்கால் போய்விடும். கீழே போகும் குறுகிய சாலையில் கோடையில் வண்டி நகராது. புறவழிச்சாலை போட ஆரம்பித்து, 2018 கடைசியில் அந்த நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் வேலையை நிறுத்திவிட்டது, நெரிசல் அப்படியே இருக்கிறது. மோன்பாசியேவுக்குப் போனால் வளைவுத் தாழ்வாரங்கள் சூழ்ந்த சதுக்கத்தில் மரக்கூரைச் சந்தைக் கூடத்துக்குள் போய்ப் பழைய தானிய அளவைகளைத் தேடிப் பாருங்கள். அப்புறம் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஆள் நுழைய முடியாத ஒல்லி இடைவெளி விட்டிருப்பதையும் கவனியுங்கள், தீ பரவாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் பல கிராமங்களில் சாப்பாட்டுச் சந்தை நடக்கும். சதுக்கத்தில் நீள மேஜைகள் போட்டிருப்பார்கள், கடைகளில் வாங்கிக்கொண்டு வந்து உட்காரவேண்டியதுதான். தட்டு, கத்தி, முள்கரண்டி, டம்ளர் எல்லாம் வீட்டிலிருந்து எடுத்துப்போவதுதான் வழக்கம். ஏழு மணிக்கே போய் இடம் பிடியுங்கள்.

வீட்டுக்கு எடுத்துவர வால்நட் எண்ணெய் நல்ல பொருள், செக்-இன் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். தாளிக்கவோ பொரிக்கவோ ஆகாது, சாலட்டின்மேல் ஊற்றத்தான். திறந்தபின் ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடவேண்டும். ஃபுவா கிரா டப்பாக்களை ஒவ்வொரு கடையிலும் அடுக்கியிருப்பார்கள். வாத்தையும் கூஸையும் வலுக்கட்டாயமாக ஊட்டிக் கொழுக்கவைத்து எடுக்கிற ஈரல் அது, சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம், ஆனால் ஊருக்கு வாங்கி வராதீர்கள். 2014லிருந்து இந்தியாவில் அதன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது.