நுரையீரலில் சிறு கட்டி, உடலெங்கும் ஹார்மோன் கோளாறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதக்கணக்கில் விடாத இருமல், இழுப்பு. எக்ஸ்ரேயில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. ஆஸ்துமா என்று இன்ஹேலர் தருகிறார்கள். நுரையீரல் கார்சினாய்டு கட்டி உள்ளவர்களில் பலர், நோய் பிடிபடும் முன் இப்படித்தான் அலைகிறார்கள்.

நுரையீரல் புற்றுநோய்களில் இந்த வகை 1 முதல் 2 சதவீதம்தான். மூச்சுக்குழாய்ச் சுவரில் ஹார்மோன் சுரக்கும் திறனுள்ள செல்கள் உண்டு. அவற்றிலிருந்து இது வளர்கிறது. புகைபிடிக்காதவர்களுக்கும் வரும். ஆகவே, 'சிகரெட்டையே தொட்டதில்லை, கட்டியெல்லாம் இருக்காது' என்று ஒதுக்கக் கூடாது. ஒரு பக்க நெஞ்சில் மட்டும் இழுப்புச் சத்தம், அதே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா, சளியில் ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் சிடி ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை ஹார்மோன் தொல்லை எதுவும் தருவதில்லை. சில மட்டும் ஏசிடிஎச் என்ற ஹார்மோனைச் சுரந்து, சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகளை ஓயாமல் தூண்டும். அவை சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசால் எகிறும். முகம் உப்பும், தொடைத் தசை வலுவிழக்கும், தோல் எளிதில் கன்றிப்போகும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், பொட்டாசியம் இறங்கும். இதுதான் குஷிங் நோய்க்குறி. இங்கே நடக்கும் முதல் தவறு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மாத்திரை போட்டுக்கொண்டே போவது. அடுத்தது, நோயாளி ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரையோ இன்ஹேலரோ களிம்போ பயன்படுத்துகிறாரா என்று விசாரிக்காமல் விடுவது. அவற்றாலும் இதே தோற்றம் வரும்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. உடலே மிகையாக கார்டிசால் சுரக்கிறது என்றால், பெரும்பாலும் காரணம், மூளையின் அடியில் இருந்து இயல்பாகவே ஏசிடிஎச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான். அதனால் தலையை எம்ஆர்ஐ எடுக்கிறார்கள். சின்னதாக ஒரு புள்ளி தெரிகிறது. அதையே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லாத எத்தனையோ பேரின் பிட்யூட்டரியிலும் அப்படிப்பட்ட புள்ளி இருக்கும். நெஞ்சிலுள்ள கட்டியோ 1 சென்டிமீட்டரைவிடச் சிறியதாகக்கூட இருக்கலாம். ஸ்டீராய்டு மருந்து கொடுத்து கார்டிசால் அடங்குகிறதா என்று பார்க்கும் டெக்ஸாமெதசோன் சோதனையும் சில கார்சினாய்டுகளில் பிட்யூட்டரி நோய் போலவே முடிவு காட்டி ஏமாற்றும். சந்தேகம் இருந்தால், பிட்யூட்டரியிலிருந்து ரத்தம் வடியும் சிரைகளில் மாதிரி எடுத்து, அங்குள்ள ஏசிடிஎச் அளவைக் கை ரத்தத்தோடு ஒப்பிடுவார்கள். சிக்கலான சோதனைதான். ஆனாலும் தேவையற்ற மூளை அறுவையைத் தவிர்க்க இது உதவும் என்பதால், அனுபவமுள்ள மையத்துக்குப் போவதில் தயங்க வேண்டாம்.

வளர்ச்சி ஹார்மோன் மிகையாகும் அக்ரோமெகலி நோயிலும் இதே பொறி உண்டு. மிக அரிதாக, நுரையீரல் கட்டி சுரக்கும் ஹார்மோன் பிட்யூட்டரியைத் தூண்டி வீங்கச் செய்யும். கை கால்கள் பெருக்கும். தலையை மட்டும் பார்த்தால் பிட்யூட்டரி கட்டி போலவே தெரியும்.

பரிசோதனைக்கு முன் செய்யும் தவறுகளும் குறைவில்லை. இத்தகைய கட்டிகளைக் கண்டறிய ரத்தத்தில் பார்க்கும் குரோமோகிரானின் ஏ என்ற புரதத்தின் அளவை, அமிலம் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளே ஏற்றிவிடும். சில கார்சினாய்டுகள் சுரக்கும் செரோடோனின் என்ற பொருளின் கழிவைச் சிறுநீரில் அளக்கும்போது வாழைப்பழம், அன்னாசி, அக்ரூட் தவறான முடிவைத் தரும். எதை எத்தனை நாள் நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இவை இயல்பாக வந்தாலும் கட்டி இல்லை என்றாகாது. வழக்கமான பெட் ஸ்கேனும் மெதுவாக வளரும் கார்சினாய்டைத் தவறவிடலாம். அப்போது இவ்வகைக் கட்டிச் செல்களில் ஒட்டும் மருந்தைச் செலுத்தி எடுக்கும் கேலியம் டோட்டாடேட் ஸ்கேன் உதவும்.

அப்புறம், குடும்ப வரலாறு. ரத்தத்தில் கால்சியம் மிகுதி, மீண்டும் மீண்டும் சிறுநீரகக் கல், கணையக் கட்டி, பிட்யூட்டரி கட்டி, இவை உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ இருந்தால் சொல்லுங்கள். மென் 1 என்ற பரம்பரை நோயின் ஒரு பகுதியாகவும் நுரையீரல் கார்சினாய்டு வரும்.

ஏசிடிஎச் சுரந்த கட்டியை அகற்றிய பிறகு, 'நோய் போய்விட்டதே' என்று கார்டிசாலுக்கு ஈடாகத் தரும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அதுவரை அடங்கிக் கிடந்த பிட்யூட்டரியும் அட்ரீனலும் பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகும். காய்ச்சலோ வாந்தியோ வந்தால் மருந்தளவைக் கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை வீடு திரும்பும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கார்சினாய்டு பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும் என்பதால், 5 ஆண்டு முடிந்ததும் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.