நீலக் குருவி ஒருவழியாகப் படத்தில் தெளிவாக விழுந்தது

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிப்ஸ்லாந்து பக்கம் ஒரு கிராமத்து வீட்டில் இருக்கிறோம். தோட்டத்துக்குத் தினமும் வரும் சூப்பர்ப் ஃபேரிரென் குருவியைப் படமெடுக்க மூன்று மாதம் பாடுபட்டேன். அலகிலிருந்து வால் நுனிவரை மொத்தமே 14 சென்டிமீட்டர், எடை சுமார் 10 கிராம். ஓர் இடத்தில் ஒரு நொடி நிற்காது. எடுத்ததெல்லாம் நீலக் கறையாகவே வந்தது.

லென்ஸ்தான் சரியில்லை என்று நினைத்தேன். இல்லை, ஷட்டர் வேகம் 1/250 நொடியில் இருந்தது. அதை 1/1600 ஆக்கி, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஆட்டோவில் விட்டேன். படத்தில் கொஞ்சம் பொரிப்பொரியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை; கலங்கிய படத்தை அப்புறம் எதுவும் செய்ய முடியாது.

அடுத்தது தண்ணீர்த் தட்டு. புல்வெளி நடுவில் வைத்திருந்தேன். ஒளிய இடமில்லாத வெட்டவெளிக்கு இந்தச் சின்ன உயிர்கள் எப்படி வரும்? பாட்டில்பிரஷ் புதரை ஒட்டித் தரையோடு வைத்தேன். நான்காம் நாள் குடும்பமாக வந்துவிட்டன. (பூனை நடமாடும் இடமென்றால் தரையில் வைக்கவே வேண்டாம்.)

காலை ஏழரைக்கு, வெயில் முதுகில் படும்படி புல்லில் குப்புறப் படுத்துக் காத்திருந்தேன். ஆண் குருவி தட்டின் விளிம்பில் வந்து நின்றது. வாலை நெட்டுக்குத்தாகத் தூக்கி, கன்னத்து நீல இறகுகளைச் சிலிர்த்தது. அந்த இறகில் ஒட்டிய ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படத்தில் இருக்கிறது.

இப்போது பழுப்பு நிறப் பெண் குருவிக்காகப் படுத்திருக்கிறேன். அதன் கண்ணைச் சுற்றிய செம்பழுப்பு அவ்வளவு அழகு.