கடனோடு போனவரின் கணக்கை வக்கீல் இல்லாமல் முடிப்பது எப்படி?

சித்தப்பா இறந்த ஒன்பதாம் நாள் ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். துக்கம் விசாரித்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், அப்புறம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "சும்மா ஒரு கையெழுத்துக்கா. அண்ணன் லோனை நீங்க பாத்துக்குறீங்கன்னு ஆபீஸ்ல காட்டணும்." சித்தி பேனாவைக் கையில் வாங்கிவிட்டார். நல்லவேளை, கண்ணாடி உள்ளே இருந்தது. அதை எடுக்க எழுந்து போன நேரத்தில் நான் வந்து சேர்ந்தேன்.

கரூரில் சின்னத் தையல் கடை சித்தப்பாவுக்கு. வயது 52. விட்டுப்போனது கொஞ்சம் சாமானும் நிறையக் கடனும். சொந்த வீடு, நிலம் கிடையாது. அந்தக் கணக்கை நானும் சித்தியும் வக்கீல் வைக்காமலே எட்டு மாதத்தில் முடித்தோம். இதே நிலையில் இருப்பவர்களுக்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

இறந்தவரின் கடன் அவர் விட்டுப்போன சொத்தின் மீதுதான் நிற்கும். உங்கள் சம்பளத்தின் மீதோ, உங்கள் சொந்த நகையின் மீதோ நிற்காது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50, 52 பிரிவுகள் சொல்வது இதுதான்: வாரிசின் கைக்கு இறந்தவரின் சொத்து எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்குத்தான் அவர் பொறுப்பு. "அப்பன் கடன் மகன் தலையில்" என்று ஊரில் சொல்வார்கள். இந்துக் குடும்பங்களில் ஒருகாலத்தில் அது சட்டமாகவே இருந்தது. 2005 செப்டம்பர் 9 அன்று சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு வாங்கிய கடனுக்கு அந்த வாதம் கோர்ட்டில் செல்லாது.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. கைக்கு என்ன வந்தது, அது எங்கே போனது என்று கேட்டால் கணக்குக் காட்டத் தெரிய வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்தத் தொகைக்கு நீங்களே சொந்தப் பொறுப்பாகிவிடலாம். அதனால் முதல் செலவு ஒரு நீள நோட்டு. இடது பக்கம் வரவு, வலது பக்கம் கடன், கடைசிப் பக்கங்களில் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று தேதியோடு.

இதில் இரண்டு விதிவிலக்குகள். நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, கூட்டாகக் கடன் வாங்கியிருந்தாலோ அது உங்கள் கடன்தான். சித்தி மகளிர் குழுவில் தன் பெயரில் வாங்கியிருந்த கடனும் அப்படித்தான். சித்தப்பா கணக்கில் அதைச் சேர்க்க முடியாது. அப்படிப்பட்ட குழுக் கடன்களில் கணவருக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் பிடித்திருக்கலாம். கடன் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

படி 1: இரண்டு சான்றிதழ்கள்

இறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டியது இறந்த இடத்தில். குடியிருந்த ஊரில் அல்ல. கோவை ஆஸ்பத்திரியில் இறந்தால் கோவையில்தான் பதிவு. ஆஸ்பத்திரியில் நடந்தால் அவர்களே தகவல் கொடுப்பார்கள். வீட்டில் இறந்தால் 21 நாட்களுக்குள் நாம்தான் சொல்ல வேண்டும். பெயரில் ஒரு எழுத்து தப்பியிருந்தாலும் அப்போதே திருத்திவிடுங்கள். ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் ஒரு மாதிரி இருந்து நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்து, தாசில்தார் கொடுப்பார். எங்கள் விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்தது. தப்பு எங்களுடையது. மனைவி, மகள், மகன் என்று மூன்று பெயர் எழுதியிருந்தோம். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தாவைப் பார்த்துவிட்டு வி.ஏ.ஓ. கேட்டார்: "இந்தம்மா யாரு?" உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமான பங்கு. இறந்தவரின் அப்பா இந்தப் பட்டியலில் வரமாட்டார். கட்டிக்கொடுத்த மகளும் வாரிசுதான். அவர் பெயரை விட்டுவிட்டுச் சான்றிதழ் வாங்கும் வேலை வேண்டாம். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசு முறை வேறு.

படி 2: வீட்டைத் துழாவுங்கள்

பாஸ்புக், அடகுச் சீட்டு, பாலிசி, ஆர்.சி. புத்தகம், சீட்டு அட்டை, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடுங்கள். சித்தப்பாவின் அடகுச் சீட்டு தையல் மெஷின் டிராயரில், பட்டன் டப்பாவுக்கு அடியில் இருந்தது. இரண்டு பவுன் செயின்.

பாஸ்புக்கை நிதானமாக, ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். வருடத்துக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா. எந்தக் காரணத்தால் இறந்தாலும் நாமினிக்கு 2 லட்சம். 20 ரூபாய் என்றால் சுரக்ஷா பீமா. அது விபத்துக்கு மட்டும், அதுவும் 2 லட்சம். எங்கள் பாஸ்புக்கில் மே மாதக் கடைசியில் 436 என்று ஒரே ஒரு வரி. சித்திக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பேங்க்கில் கணக்குத் திறக்கும்போது கையெழுத்து வாங்கியிருப்பார்கள் போல.

இன்சூரன்ஸ், பி.எஃப். இரண்டையும் நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். வரவுப் பக்கத்தில் சேர்க்க வேண்டாம். ஆயுள் காப்பீட்டில் பெற்றோரோ, மனைவியோ, பிள்ளைகளோ நாமினியாக இருந்தால் அதன் பயன் அவர்களுக்கே என்று 2015-இல் இன்சூரன்ஸ் சட்டத்தைத் திருத்தினார்கள். பி.எஃப். நாமினிக்குப் போகும் பணத்தை இறந்தவரின் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது. வேலையில் இருக்கும்போது இறந்தவர் என்றால் பி.எஃப். அலுவலகத்தில் இ.டி.எல்.ஐ. காப்பீட்டையும் கேளுங்கள், அது 7 லட்சம் வரை வரும். கம்பெனி தானாகச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள்.

பழைய கணக்கு ஏதாவது தூங்கிக்கொண்டிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் ஆர்.பி.ஐ.யின் உத்கம் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்.

படி 3: ஏ.டி.எம். கார்டை ஓரமாக வையுங்கள்

ரகசிய எண் தெரியும் என்பதற்காகப் பணம் எடுக்காதீர்கள். மற்ற வாரிசுகளிடமும் கடன்காரர்களிடமும் பதில் சொல்ல வேண்டிவரும். பேங்க்குக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டால் தவணைகள் தானாகப் பிடிப்பதும் நிற்கும்.

நாமினி இருந்தால் வேலை சுலபம். நாமினிக்குப் பணம் வரும், ஆனால் அவர் அதை வாரிசுகளுக்காகப் பெற்றுக்கொள்கிறவர்தான். நாமினி இல்லை என்றாலும் உடனே கோர்ட்டுக்கு ஓட வேண்டாம். உயிலும் தகராறும் இல்லாவிட்டால், வணிக வங்கிகளில் 15 லட்சம் வரைக்கும், கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரைக்கும் எளிய நடைமுறையில் கொடுக்க வேண்டும். ஆவணங்கள் முழுதாகக் கிடைத்த 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். இது 2025 செப்டம்பரில் ஆர்.பி.ஐ. போட்ட விதி. கவுன்டரில் "சக்சஷன் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க" என்று சொன்னால் (இது கோர்ட் கொடுப்பது, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு), அதை எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

அதே பேங்க்கில் அவருக்கு லோன் இருந்தால் சேமிப்புக் கணக்குப் பணத்தை அதில் வரவு வைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதையும் நோட்டில் குறியுங்கள்.

படி 4: கடன்காரர்களுக்குக் கடிதம்

ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி, நாலே வரி. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். நாங்கள் எழுதியது:

"மேற்படி நபர் இந்தத் தேதியில் காலமானார். இறப்புச் சான்றிதழ் நகல் இணைத்துள்ளேன். அவர் பெயரில் உள்ள பாக்கித் தொகை, கடன் ஒப்பந்த நகல், கடனுக்கு இன்சூரன்ஸ் உள்ளதா என்ற விவரம் ஆகியவற்றை எழுத்தில் தரவும். இக்கடிதம் தகவலுக்கு மட்டுமே. இக்கடனுக்கு நான் சொந்தப் பொறுப்பு ஏற்கவில்லை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இன்சூரன்ஸ் கேள்வியும் முக்கியம். பர்சனல் லோன், வீட்டுக் கடன் கொடுக்கும்போதே பிரீமியத்தைப் பிடித்திருப்பார்கள், குடும்பத்துக்குத் தெரியாது. இருந்தால் கடனே அதில் அடைந்துவிடும். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பதில் வரும்வரை 500 ரூபாய்கூடக் கட்டாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டு) கடனுக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருடம் கெடு. இடையில் ஒரு சிறு தொகை கட்டினாலோ "பாக்கி உண்டு" என்று எழுதிக் கொடுத்தாலோ, அந்த நாளிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓட ஆரம்பிக்கலாம்.

போனில் மிரட்டினால்? வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பது ஆர்.பி.ஐ. விதி. கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ஆர்.பி.ஐ. குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். உதவி எண் 14448. கந்துவட்டிக்காரர் வாசலில் நின்று கத்தினால் போலீஸ்தான். 2003-இலேயே அதற்குத் தமிழ்நாட்டில் சட்டம் போட்டாயிற்று.

படி 5: விற்பது

நகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஏலம் போகட்டும் என்று விடுவதைவிட, மீட்டு விற்பதில்தான் மிச்சம் அதிகம். ஏலமே போனாலும் கடன் போக மீதி வாரிசுகளுக்குச் சேர வேண்டியது.

வண்டியை வைத்துக்கொள்வதென்றால் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்ற வேண்டும். விற்பதானாலும் முதலில் வாரிசு பெயருக்கு மாற்றித்தான் விற்க வேண்டும். மாமன், மச்சான் யாராவது "சும்மாதானே நிக்குது" என்று எடுத்துப்போக வருவார்கள். கடன் தீரும்வரை ஒரு ஊசிகூட வெளியே போகக் கூடாது என்று சித்தி சொல்லிவிட்டார். தையல் கடை ஆயிற்றே, ஊசி என்றால் ஊசியேதான்.

படி 6: யாருக்கு முதலில்?

சத்தமாகக் கேட்டவருக்கு முதலில் கொடுப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம் இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறது. நாமே செய்யும்போதும் அதைப் பிடித்துக்கொண்டால் நாளை ஒருவரும் குறை சொல்ல முடியாது. முதலில் நியாயமான ஈமச்சடங்குச் செலவும் கடைசி நேர வைத்திய செலவும். (நூறு பேருக்குக் கறிவிருந்து இதில் வராது.) பிறகு இறந்தவரிடம் வேலை பார்த்தவர்களின் கடைசி மூன்று மாதக் கூலி. பிறகு மற்ற எல்லாருக்கும் அவரவர் கடனுக்கு ஏற்ற விகிதத்தில். அடமானம் பிடித்தவருக்கு அடமானப் பொருளின் மீது உரிமை தனி.

எங்கள் நோட்டு இப்படி இருந்தது. செயின் விற்றது 1,62,000, மீட்கக் கட்டியது 66,000, மிச்சம் 96,000. பேங்க்கில் 38,400. கடை அட்வான்ஸ் 40,000-இல் வாடகை பாக்கி 12,000 போக 28,000. மெஷின்கள் 27,000. மொபெட் 18,000. ஆக 2,07,400. ஆஸ்பத்திரிக்கும் காரியத்துக்கும் 62,400 கழித்தால் 1,45,000. கடையில் ஆள் இல்லை, அதனால் கூலி பாக்கி இல்லை.

கடன் பக்கம்: ஃபைனான்ஸ் 2,10,000, கிரெடிட் கார்டு 52,000, துணிக்கடைக்காரரின் புரோநோட்டு 50,000, சீட்டு பாக்கி 9,000. மொத்தம் 3,21,000. வகுத்துப் பார்த்தால் ரூபாய்க்கு 45 காசு. ஆளுக்கு அந்தக் கணக்குப்படி 94,500, 23,400, 22,500, 4,050. மிஞ்சிய 550 ஜெராக்ஸுக்கும் தபாலுக்கும் சரியாகப் போயிற்று.

இந்தத் தாளையே எல்லாருக்கும் நகலெடுத்து அனுப்பினோம். ஃபைனான்ஸ் ஆபீசில் இரண்டு மாதம் முடியாது என்றார்கள். வேறு சொத்து இல்லை, வழக்குப் போட்டாலும் இவ்வளவுதான் என்பது புரிந்ததும் ஒத்துக்கொண்டார்கள். "முழு பைசலாக ஏற்கிறோம், இனி பாக்கி இல்லை" என்ற கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்ட வேண்டும். காசோலையிலோ கணக்கு வழியாகவோ மட்டும், ரொக்கம் கூடாது.

எப்போது வக்கீல் வேண்டும்

வீடு, நிலம் அடமானத்தில் இருந்தால், வாரிசுகளுக்குள் சண்டை என்றால், மைனர் பிள்ளையின் சொத்தை விற்க வேண்டுமென்றால், கோர்ட் சம்மன் வந்தால். சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்புவது மட்டும் வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். எண் 15100.

கடைசி வேலைகள்

பான் கார்டை ஒப்படைப்பது, ரேஷன் கார்டில் பெயர் நீக்குவது எல்லாம் மெதுவாகச் செய்யலாம். புரோநோட்டை மட்டும் பணம் கொடுக்கும் அதே நிமிடத்தில் திரும்ப வாங்கிவிடுங்கள். துணிக்கடைக்காரர் எங்களுடையதை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து, பின்பக்கத்தில் "பைசல்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். சித்தி இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார். முழுதாகப் படித்துவிட்டு, மடித்து நோட்டுக்குள் வைத்தார்.