நான்கு வரியில் தொடங்குங்கள்: புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்குப் பௌத்தத்தின் அடிப்படைப் பாடம்

புதுச்சேரிக்கு வரும் வெளிநாட்டவருக்குப் பௌத்தத்தின் சொற்கள் எல்லாமே புதிது. அதனால் ஒவ்வொன்றையும் நின்று கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். நமக்குச் சிக்கல் நேர் எதிரானது. கர்மம், மறுபிறவி, ஆசை, முக்தி எல்லாம் பாட்டி சொல்லக் கேட்டவை. தெரிந்ததுதானே என்று தாண்டிப் போகிறோம், அங்கேதான் பாடம் தவறுகிறது. அதே சொல்லுக்குப் பௌத்தம் வைத்த பொருள் பல இடங்களில் வேறு.

தொடங்க ஒரு நோட்டும் மூன்று மாதப் பொறுமையும் போதும். முதல் நாள் இந்த வரிகளை மனப்பாடம் செய்யுங்கள்:

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பேரின்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது அறிக

மணிமேகலையின் இரண்டாம் காதையில் வருபவை இவை. பௌத்தத் துறவியான அறவண அடிகள் தனக்குச் சொன்னதாக மாதவி தன் தோழி வயந்தமாலையிடம் சொல்கிறாள். புத்தரின் நான்கு வாய்மைகளும், அதாவது அவர் சொன்ன நான்கு அடிப்படை உண்மைகளும், இதற்குள் அடங்கிவிட்டன. வழக்கமான வரிசை துக்கம், அதன் காரணம், அதன் நீக்கம், நீக்கும் வழி. மணிமேகலையை எழுதிய சாத்தனார் காரணத்தையும் நீக்கத்தையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார். முதல் வரி துன்பம், இரண்டாவது நீக்கம், மூன்றாவதில் 'பற்று' என்ற காரணம், நான்காவதில் பற்றறுக்கும் வழி. இதைத் தெரிந்துகொண்டால் மற்ற நூல்களோடு ஒப்பிடும்போது குழப்பம் வராது.

நான்கையும் ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. புத்தர் சாரநாத்தில் தம் முதல் சீடர் ஐவருக்குச் சொன்ன முதல் உரையிலேயே அது இருக்கிறது. துக்கத்தை முழுதாக அறிய வேண்டும், காரணத்தை விட வேண்டும், நீக்கத்தை நேரில் காண வேண்டும், வழியை வளர்க்க வேண்டும். பெரும்பாலோர் முதல் வேலையைச் செய்யாமலே இரண்டாவதுக்குத் தாவுகிறார்கள். 'ஆசையை விட்டுவிட்டேன்' என்று ஒரு வாரம் இருந்துவிட்டு மறுவாரம் வெறுத்துப் போய் நிறுத்துவது இதனால்தான்.

ஆகவே முதல் இரண்டு வாரம் துக்கத்தை மட்டும் கவனியுங்கள். இரவு படுக்கும்முன் நோட்டில் மூன்று வரி போதும். இன்று எது உறுத்தியது? பிடிக்காததோடு சேர்ந்திருந்ததா, பிடித்ததைப் பிரிந்ததா, கேட்டது கிடைக்காததா? இந்தப் பிரிவுகளும் அந்த முதல் உரையில் உள்ளவைதான். பஸ் தவறியதும் எழுதலாம், அப்பாவின் முதுமையும் எழுதலாம். காரணம் தேடாதீர்கள், தீர்வும் எழுதாதீர்கள்.

மூன்றாம் வாரத்தில் சொற்களைச் சரிபார்க்கத் தொடங்குங்கள். மூன்று சொற்கள் நம்மை அதிகம் ஏமாற்றும்.

'ஆசையே துன்பத்துக்குக் காரணம்' என்று பள்ளியில் படித்தோம். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உள்ள சொல் தண்ஹா, அதாவது தாகம். மணிமேகலை அதை வேட்கை என்கிறது. புலனின்ப வேட்கை, 'இப்படியே இருக்க வேண்டும்' என்ற வேட்கை, 'இது இல்லாமல் போக வேண்டும்' என்ற வேட்கை என மூன்று வகை. படிக்க வேண்டும், நல்லது செய்ய வேண்டும் என்ற விருப்பம் இதில் சேராது. அதற்குப் பாலியில் சந்தம் என்று தனிச்சொல்லே உண்டு. இதைப் பிரிக்காமல் விட்டால் பௌத்தம் சோம்பலைப் போதிப்பதாகத் தோன்றும்.

அடுத்தது கர்மம். தலையெழுத்து என்ற பொருளோடு இதைப் படித்தால் எல்லாம் கெட்டது. மனத்தின் முனைப்பையே தாம் கம்மம் (கர்மம் என்பதன் பாலி வடிவம்) என்று சொல்வதாகப் புத்தர் விளக்குகிறார். நமக்கு நேர்வதெல்லாம் முன்வினைதானா என்று சீவகன் என்ற துறவி கேட்டபோது பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் என எட்டுக் காரணங்களை எண்ணி, அவற்றில் ஒன்றாக மட்டுமே வினைப்பயனை வைத்தார். நோயாளியைப் பார்த்து 'போன ஜென்மத்துப் பாவம்' என்று சொல்ல இங்கே இடமில்லை. சாதியின் இழிவுக்கு முன்வினையைக் காரணம் காட்டவும் இடமில்லை. சாதியை எதிர்த்த அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியதையும், அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவியதையும் இந்த இடத்தில் வைத்துப் படித்தால் அவற்றின் கனம் புரியும்.

மூன்றாவது ஆன்மா. சைவ சித்தாந்தத்தில் அது உண்டு, வேதாந்தத்திலும் உண்டு. பௌத்தம் அதை ஏற்பதில்லை. 'எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கின்றன' என்று இங்கே சமாதானம் ஆகிவிட்டால் கற்பது அதோடு நின்றுபோகும். 'அப்படியானால் நானே இல்லையா' என்று பயப்படவும் வேண்டாம். உருவு, நுகர்ச்சி, குறிப்பு (அடையாளம் காணல்), பாவனை (மன முனைப்புகள்), உள்ள அறிவு என்ற ஐங்கந்தங்களை, அதாவது 'நான்' என்று நாம் சொல்வதன் ஐந்து கூறுகளை, ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கச் சொல்கிறார்கள். உருவம்தான் நான் என்றால் 'இப்படி இரு' என்றதும் அது கேட்க வேண்டும். முழங்கால் வலி கேட்பதில்லை. ஆகவே இது எனது அன்று, இது நான் அன்று. மற்ற நான்கையும் இப்படியே பாருங்கள், நாளுக்கு ஒன்று.

ஐந்தாம் வாரம் பன்னிரு சார்புக்குப் போகலாம், அதாவது ஒன்றைச் சார்ந்து அடுத்தது தோன்றும் பன்னிரண்டு கண்ணிகள்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு (மனமும் உடலும்), வாயில் (புலன்கள்), ஊறு (தொடுகை), நுகர்வு, வேட்கை, பற்று, பவம் (வினைத் தொகுதி), தோற்றம், வினைப்பயன். இதற்கு நல்ல பயிற்சிக்களம் புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. கண் இருக்கிறது, அது வாயில். சட்டை கண்ணில் படுவது ஊறு. 'நன்றாக இருக்கிறதே' என்பது நுகர்வு. 'வேண்டும்' என்பது வேட்கை. அடுத்தவர் அதை எடுத்ததும் நெஞ்சு துடித்தால் அது பற்று. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் நூலளவு இடைவெளி இருக்கிறது, அறுக்க முடிந்த இடம் அதுதான். சட்டையை வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். அந்த இடைவெளியை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

பார்க்க மனம் கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டும், அதற்குத்தான் மூச்சுப் பயிற்சி. நம் ஊர் வெயிலில் காலை 6 மணிக்கு முன் 15 நிமிடம் உட்காருவது நல்லது. ஜமுக்காளத்தை நான்காக மடித்து இடுப்புக்குக் கீழே மட்டும் வைத்தால் முழங்கால் தரையில் படியும், கால் மரத்துப்போவது குறையும். முடியாதவர் நாற்காலியில் உட்காரலாம். மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள், இது பிராணாயாமம் இல்லை. வெளிமூச்சுகளை ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள், தவறினால் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். தூக்கம் வந்தால் எழுந்து மொட்டை மாடியில் இருபது அடி போய் வந்து நடங்கள். ஒளி தெரிகிறது, உடம்பு மிதக்கிறது என்றெல்லாம் தோன்றினாலும் எண்ணிக்கையை விடாதீர்கள்.

இதோடு ஐந்து சீலம், அதாவது ஒழுக்கம்: கொல்லாமை, கொடாததை எடுக்காமை, பாலியல் தவறு செய்யாமை, பொய்யாமை, மயக்கும் குடி விலக்கல். மாதவிக்கும் நான்கு வாய்மையோடு 'ஐவகைச் சீலத்து அமைதியும்' சேர்த்தே சொல்லப்பட்டது. தியானத்தைப் பிடித்துக்கொண்டு இதை விடுபவர் பலர். முதல்நாள் இரவு சொன்ன பொய்யோ குடித்த குடியோ காலையில் கண்ணை மூடியதும் வந்து உட்காரும். புதுச்சேரியில் ஐந்தாவதுதான் கடினம், நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படிப்பதில் வரிசை முக்கியம். மணிமேகலையில் இரண்டாம் காதைக்குப் பிறகு நேரே முப்பதாவதுக்குப் போங்கள். இருபத்தொன்பதாவது அளவை இயல், தர்க்கம் பழகாதவர் அங்கே மாட்டிக்கொண்டு புத்தகத்தையே மூடிவிடுவார். பிறகு புத்தரின் அறவுரைப் பாடல் தொகுப்பான தம்மபதத்தின் 423 பாடல்கள், நாளுக்கு ஐந்து. அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலைத் தனியாகப் படியுங்கள். நான்கு வாய்மைகள் புத்தரின் மூல போதனைதானா என்றே அதன் முன்னுரை கேட்கிறது. பாலி உரைகளோடு கலந்து படித்தால் எது யார் கருத்து என்று பிடிபடாது.

ஒரு எச்சரிக்கை. கடலூர், விழுப்புரம் பக்கம் அமர்ந்த கோலத்தில் இருக்கும் பழைய சிலைகளெல்லாம் புத்தர் அல்லர். திருப்பாதிரிப்புலியூர் சமணத்துக்குப் பேர்போன ஊர். ஆடையின்றி, தலைக்கு மேல் முக்குடை (மூன்றடுக்குக் குடை) இருந்தால் சமணத் தீர்த்தங்கரர். தோளில் துறவியின் சீவர ஆடையின் மடிப்பும் உச்சியில் சுடர்போன்ற முடியும் இருந்தால் புத்தர்.

மூன்று மாதம் ஆன பிறகு விருப்பமிருந்தால் சென்னை திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்தின் பத்து நாள் விபாசனா தியான வகுப்புக்கு எழுதிப் போடலாம். கட்டணம் கிடையாது. செல்போனைக் கொடுத்துவிட வேண்டும், பேச்சு கூடாது, காலை 4 மணிக்கு எழுந்து நாளுக்குப் பத்து மணிநேரம் வரை உட்கார வேண்டும். மனநல மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது, விண்ணப்பத்திலும் மறைக்கக்கூடாது.

அதற்கு முன்னோட்டமாக வைகாசிப் பௌர்ணமியில் ஒரு நாள் உபோசதம் என்ற பௌத்த நோன்பு இருந்து பாருங்கள். ஐந்து சீலத்துக்குப் பதில் அன்று கூடுதல் கட்டுப்பாடுகளுடன் எட்டுச் சீலம், நண்பகலுக்குப் பின் திட உணவு இல்லை. வைகாசி வெயில் கடுமை, தண்ணீரைக் குறைக்காதீர்கள். மறுநாள் காலை வயிறு முட்டச் சாப்பிடாமல் கஞ்சியில் தொடங்குங்கள்.