டர்பன் ஈரக்காற்றில் கிளட்ச் ஃப்ளூயிடைப் பார்த்துக்கொள்வது

பிரேக் ஃப்ளூயிடைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட ஹேண்டில்பாரின் இடது பக்கம் இருக்கிற கிளட்ச் ஃப்ளூயிட் டப்பாவைத் திறந்து பார்ப்பதில்லை. பிரேக் போனால் உயிர் போகும், கிளட்ச் போனால் வண்டி நிற்கும், அவ்வளவுதானே என்ற நினைப்பு. டர்பன்-ஜோகன்னஸ்பர்க் N3 நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டவுன் ஹில் இறக்கத்தில் வரும்போது கிளட்ச் பிடிக்காமல் போனால் அந்த நினைப்பு மாறிவிடும். நான் தூத்துக்குடிக்காரன். டர்பன் துறைமுகத்தில் ஹைட்ராலிக் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்துப் பையன்களின் வண்டிகள் நிற்கும். பெரும்பாலும் கேபிளுக்குப் பதில் ஃப்ளூயிட் அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பெரிய வண்டிகள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்க் காற்று. பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஊற்றுகிற ஃப்ளூயிடின் தரக்குறிதான் டாட் (DOT). டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூடியை இறுக்கி வைத்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடிக்கு அடியிலுள்ள ரப்பர் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் நுழையும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் 155 டிகிரி தாங்கினால் போதும். அத்தனை வித்தியாசம். ஆனால் கிளட்ச்சில் கொதிப்பதைவிடத் துருவும் கசடும்தான் பெரிய தொல்லை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை துணிகூடக் காயாத கடலோரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். காற்று உலர்ந்த ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிற மச்சான் நாலு வருடமாக மாற்றவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பின்பற்ற வேண்டாம். மாற்றுவதற்கு ஜூன், ஜூலைதான் நல்ல மாதங்கள். குளிர்காலக் காற்று உலர்ந்திருக்கும். மழை நாளில் டப்பாவைத் திறக்காதீர்கள்.

அடுத்தது லெவல். இதில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் நேர் எதிர். பிரேக் பேட் தேயத் தேய டப்பாவில் லெவல் இறங்கும். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் பிரஷர் பிளேட் உள்ளே நகர்ந்து, புஷ்ராடையும் (பிளேட்டைத் தள்ளுகிற கம்பி), கீழே இன்ஜின் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனையும் பின்னுக்குத் தள்ளும். அங்கே இருந்த ஃப்ளூயிட் மேலே டப்பாவுக்கு வந்து சேரும். "அண்ணா, நான் ஊத்தவே இல்ல, எப்படி ஏறுச்சு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். லெவல் மெல்ல ஏறினால் பிளேட் தேய்கிறது. இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. கிளட்ச்சில் லெவல் இறங்குவதற்கு வேறு நியாயமான காரணம் கிடையாது, அதனால் வெறுமனே ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். அதேபோல் விளிம்பு வரைக்கும் நிரப்பவும் கூடாது. ஏறி வருவதற்கு இடம் வேண்டும்.

என்ன ஊற்றுவது என்பதை டப்பா மூடியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சுசூகி வி-ஸ்ட்ராம் 1000, ஹயபுசா, ஹோண்டா விஎஃப்ஆர்800, யமஹா எஃப்ஜேஆர்1300 இதெல்லாம் டாட் 4 வண்டிகள். பிஎம்டபிள்யூ ஆர்1150ஜிஎஸ் கிளட்ச்சுக்கும் பிரேக் ஃப்ளூயிட்தான். ஆனால் அதற்குப் பின் வந்த ஆர்1200ஜிஎஸ்-இல் பிரேக்குக்கு டாட் 4, கிளட்ச்சுக்கு மினரல் ஆயில். ஒரே ஹேண்டில்பாரில் இரண்டு விதம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போய் லீவர் பக்கமுள்ள மாஸ்டர் சிலிண்டரும் கீழே உள்ள ஸ்லேவும் கெட்டுவிடும். டாட் 5 என்பது சிலிகான். டாட் 5.1 என்று நினைத்து அதை வாங்கி வந்துவிடாதீர்கள். சீல் உடைக்காத சின்ன பாட்டிலாக வாங்குங்கள். போன வருடம் திறந்து கராஜில் வைத்த மிச்சம் வேண்டாம்.

வேலைக்கு வேண்டியவை: 8 மில்லிமீட்டர் ரிங் ஸ்பேனர் (ஸ்லேவிலிருந்து ஃப்ளூயிடை வெளியே விடுகிற ஸ்க்ரூதான் நிப்பிள்; உங்கள் நிப்பிள் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்), நிப்பிளில் இறுக்கமாக நுழைகிற தெளிவான டியூப், மருந்துக்கடை சிரிஞ்ச் இரண்டு, பஞ்சு உதிராத துணி, ஒரு வாளித் தண்ணீர். தண்ணீர் எதற்கு என்றால், டாட் 4 பெயின்ட்டைத் தின்றுவிடும். ஒரு சொட்டு டேங்கில் விழுந்தாலும் துடைக்கப் போகாமல் உடனே தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். டேங்க் மேல் முன்கூட்டியே ஈரத்துணி போட்டுவிடுவது உத்தமம். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை.

ஹேண்டில்பாரைத் திருப்பி டப்பாவைச் சமமாக நிறுத்துங்கள். மூடியில் இருக்கிற இரண்டு ஸ்க்ரூவில்தான் பாதி வேலை மாட்டிக்கொள்ளும். அலுமினியத்தில் இரும்பு ஸ்க்ரூ, அதன்மேல் கடல் உப்பு. போதாததற்கு ஜப்பான் வண்டி ஸ்க்ரூக்களின் தலை, பார்க்க நம் ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்குப் பொருந்துவதுபோல் தெரிந்தாலும் பொருந்தாது. நுனி மேலே ஏறி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) முனை என்று கேட்டு வாங்குங்கள். ஸ்க்ரூடிரைவரைச் செங்குத்தாக வைத்துச் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி, அழுத்திக்கொண்டே திருப்புங்கள்.

மூடியைத் தூக்கினால் ஒரு ரப்பர் மடிப்பு இருக்கும். அது கீழே தொங்கிக்கொண்டிருந்தால் துடைத்து, மடிப்புகளைப் பழையபடி உள்ளே தள்ளி வையுங்கள். பழைய ஃப்ளூயிடைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். நல்ல ஃப்ளூயிட் வெளிர்மஞ்சளாக இருக்கும். உங்களுடையது டீத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஆச்சரியமில்லை. இப்போது டார்ச் அடித்து டப்பாவின் தரையைப் பாருங்கள். ஒரு சின்னத் தகடு இருந்தால் அதைத் தூக்கிவிடுங்கள். அடியில் இரண்டு ஓட்டைகள். ஒன்று நன்றாகத் தெரியும். இன்னொன்று ஊசி நுனி அளவு, பக்கத்தில் ஜெல்லி மாதிரிக் கசடு படிந்திருந்தால் கண்ணிலேயே படாது.

இந்தச் சின்ன ஓட்டைக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். லீவரை விட்டதும் லைனில் இருக்கிற ஃப்ளூயிட் டப்பாவோடு சேர்வது இதன் வழியாகத்தான். இன்ஜின் சூட்டில் ஃப்ளூயிட் விரியும்போது தப்பிக்கிற வழியும் இதுதான். அடைத்துக்கொண்டால் அழுத்தம் உள்ளேயே நிற்கும். யாரோ லீவரை லேசாகப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் ஆகி, வண்டி சூடானதும் கிளட்ச் ஸ்லிப் ஆகும் (இன்ஜின் வேகம் ஏறும், வண்டி வேகம் ஏறாது), ஆறினால் சரியாகிவிடும். லெசோதோ எல்லையிலுள்ள சானி பாஸ் மலைப்பாதை மாதிரி 2,876 மீட்டர் உச்சிக்கு, கல்லும் மண்ணுமாக அரைக் கிளட்ச்சில் ஏறுகிற பாதையில் இது நன்றாகவே தெரியும். ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனால் பிளேட் செட்டை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள்: ஸ்லிப் ஆகிற நேரத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, நிப்பிளில் டியூபை மாட்டி ஒரு நொடி திறந்து மூடுங்கள். லீவரைத் தொடாமலே ஃப்ளூயிட் பீய்ச்சி வந்து ஸ்லிப்பும் நின்றால், பிளேட்டில் குற்றமில்லை, ஓட்டை அடைப்பு. மெல்லிய செம்புக் கம்பியின் ஒற்றை இழையால் மெதுவாகக் குத்தி எடுக்கலாம். கீறல் விழக் கூடாது. கலர் கலராக வெளிக் கம்பெனி லீவர் வாங்கி மாட்டியவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: லீவரில் கொஞ்சமாவது ஆட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல் அந்த ஓட்டையை மூடியே வைத்திருக்கும்.

சரி, புது ஃப்ளூயிடை ஊற்றுங்கள். ஸ்லேவ் நிப்பிளில் முதலில் ஸ்பேனர், அப்புறம் டியூப், டியூபின் மறுமுனை பாட்டிலில். லீவரை நிதானமாக அழுத்திப் பிடியுங்கள், நிப்பிளைக் கால் சுற்று திறந்து மூடுங்கள், மூடிய பிறகே லீவரை விடுங்கள். டியூபில் தெளிவான நிறம் வரும்வரை இதையே செய்யுங்கள். மேலே டப்பா வற்றிவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வற்றினால் காற்று போய்விடும், வேலை முதலிலிருந்து ஆரம்பம்.

லீவர் இன்னும் மெத்தென்று இருந்தால் காற்று மிச்சமிருக்கிறது. கிளட்ச்சில் ஒரு அழுத்தலுக்கு நகர்கிற ஃப்ளூயிட் மிகக் குறைவு, மேலே ஏறத் துடிக்கிற குமிழைக் கீழ்நோக்கித் தள்ளி வெளியேற்றுவது கஷ்டம். அதனால் கீழிருந்து மேலே தள்ளுவதையே நான் விரும்புகிறேன். சிரிஞ்சில் புது ஃப்ளூயிடை நிரப்பி, டியூபிலும் துளி காற்றில்லாமல் பார்த்து, நிப்பிளில் மாட்டித் திறந்து மெதுவாக அழுத்துங்கள். அந்தச் சின்ன ஓட்டை வழியாகக் குமிழ் குமிழாக வருவது கண்ணுக்குத் தெரியும். மேலே நிறைவதை இன்னொரு சிரிஞ்சால் எடுத்துக்கொண்டே இருங்கள். பழைய ஃப்ளூயிடைக் கீழ்வழியாக வெளியேற்றியபின்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் அடியிலிருக்கிற கசடு மாஸ்டருக்கு ஏறிவிடும்.

கை பட்டதோடு ஸ்லேவையும் பார்த்துவிடுங்கள். பல வண்டிகளில் அது முன் ஸ்ப்ராக்கெட் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும். செயின் கிரீஸும் மணலும் அங்கேதான் போய்ச் சேரும். ஈரமாக இருந்தால் சீல் போயிருக்கிறது. கழற்றினால் லீவரைத் தொடவே கூடாது, பிஸ்டன் வெளியே வந்து விழும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் லீவருக்கும் கிரிப்புக்கும் நடுவே ஒரு கட்டையைச் செருகி வையுங்கள்.

நிப்பிளை அளவாக இறுக்குங்கள், நடுவில் ஓட்டை உள்ள சன்னமான ஸ்க்ரூ அது, முறிந்துவிடும். லெவல் வைத்து மூடியைப் போட்டு எல்லா இடத்தையும் தண்ணீரால் கழுவுங்கள். பழைய ஃப்ளூயிடைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம், பழைய இன்ஜின் ஆயில் கேனிலும் கலக்க வேண்டாம், மறுசுழற்சிக்கு ஆகாமல் போய்விடும். தனி பாட்டிலில் பெயர் எழுதிக் கொடுங்கள். மாற்றிய தேதியை டேப்பில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டுங்கள். மறுநாள் ஓட்டி முடித்ததும் நிப்பிளைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் ரப்பர் மூடியை மாட்டிவிடலாம்.