விண்டோஸ் ஐஎஸ்ஓவில் அப்டேட் சேர்ப்பது: எங்கெங்கே சறுக்கும்?

ஒரு லேபில் இருபது கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் விண்டோஸ் போட்ட பிறகு ஒவ்வொன்றும் அதே அப்டேட்டைத் தனித்தனியாக இறக்கிக்கொண்டிருந்தால் இன்டர்நெட்டும் போச்சு, அன்றைய பொழுதும் போச்சு. அதனால்தான் நிறுவும் ஐஎஸ்ஓவுக்குள்ளேயே (நிறுவல் வட்டின் முழு நகலான ஒற்றைக் கோப்பு) அப்டேட்டைச் சேர்த்துவைக்கிறோம். எக்ஸ்பி காலத்தில் இது எளிது. சர்வீஸ் பேக் கோப்பை 'இன்டகிரேட்' ஸ்விட்சோடு ஓடவிட்டு, சிடியை நகலெடுத்த ஃபோல்டரைக் காட்டினால் முடிந்தது. விஸ்டாவோடு, விண்டோஸ் முழுவதையும் இமேஜாகச் சுருக்கி வைக்கும் விம் கோப்பு வந்தது. விண்டோஸ் 7-ஓடு, அந்த இமேஜைத் திறந்து திருத்தும் டிஸ்ம் என்ற கட்டளைக் கருவி வந்தது. அதிலிருந்து சறுக்கும் இடங்களும் கூடிவிட்டன. இங்கே விண்டோஸ் 11-இன் 24எச்2 (2024 இரண்டாம் பாதி) வெளியீட்டை வைத்துப் பார்ப்போம்.

ஒன்றிரண்டு கம்ப்யூட்டர்தான் என்றால் இந்த வேலையே வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தன் ஐஎஸ்ஓவை அவ்வப்போது புதுப்பித்துத்தான் தருகிறது. புதிதாக ஒன்றை இறக்கிக்கொள்வதே லாபம்.

ஒரு வட்டுக்குள் நான்கு விண்டோஸ்

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, இன்ஸ்டால்.விம் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பது. சோர்சஸ் ஃபோல்டரில் பூட்.விம் என்று இன்னொன்று இருக்கிறது. அதற்குள் இரண்டு இமேஜ், ஒவ்வொன்றுக்கும் இன்டெக்ஸ் என்ற வரிசை எண்: இன்டெக்ஸ் 1 வெறும் வின்பிஇ (நிறுவலுக்கான குட்டி விண்டோஸ்), இன்டெக்ஸ் 2 நிறுவும்போது நாம் பார்க்கும் செட்டப். நான்காவது, இன்ஸ்டால்.விம்முக்கு உள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதை மவுண்ட் செய்த பிறகு (ஒரு ஃபோல்டரில் விரித்துத் திறந்த பிறகு) விண்டோஸ், சிஸ்டம்32, ரெக்கவரி என்று உள்ளே போனால் வின்ஆர்இ.விம் கிடைக்கும்; விண்டோஸ் பழுதானால் சரிசெய்ய உதவும் ரெக்கவரி சூழல் இதுதான். மறைந்த கோப்பு, சாதாரணமாகக் கண்ணில் படாது.

வின்ஆர்இ-யை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜனவரியே சாட்சி. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் குறியாக்கத்தைத் தாண்டிப்போக வழிவிடும் ஓட்டை ஒன்று ரெக்கவரி சூழலில் இருந்தது. அதை அடைக்க வந்த கேபி5034441 என்ற அப்டேட், ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் கேட்டது. இடம் இல்லாத கம்ப்யூட்டர்களில் அது திரும்பத் திரும்பத் தோற்றது. புதுப்பித்த வின்ஆர்இ முதலிலிருந்தே இமேஜில் இருந்தால் இப்படிப் பின்னால் வந்து ஒட்டுப்போடும் தேவை குறையும். ஆன்சர் ஃபைல் (செட்டப் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிய கோப்பு) வைத்து பார்ட்டிஷன் அளவை நீங்களே எழுதுபவர் என்றால் ரெக்கவரிக்குத் தாராளமாக இடம் விடுங்கள்.

இதோடு சேர்ந்து வருவது இன்டெக்ஸ் குழப்பம். சில்லறை ஐஎஸ்ஓவில் ஹோம், எஜுகேஷன், புரோ என்று பல பதிப்புகள் இருக்கும். புரோ பெரும்பாலும் 6-ஆம் எண். ஆனாலும் நினைவை நம்பாமல் டிஸ்மில் 'கெட்-இமேஜ்இன்ஃபோ' கட்டளை போட்டுப் பார்த்துவிடுங்கள். நீங்கள் 6-ஐ மட்டும் புதுப்பித்து முடிக்கிறீர்கள். கடையிலிருந்து வந்த லேப்டாப்பில் செருகுகிறீர்கள். அதன் பயாஸிலேயே ஹோம் கீ பதிந்திருக்கிறது. செட்டப் எந்தப் பதிப்பு என்று கேட்காமலே, நீங்கள் தொடாத ஹோமை எடுத்து நிறுவிவிட்டுப் போய்விடும். அப்டேட் எங்கே போனது என்று பிறகு தேடிக்கொண்டிருப்பீர்கள். தேவையான பதிப்புகளை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து புது விம் கட்டிக்கொள்வது நல்லது. பதிப்புப் பட்டியலை செட்டப் கட்டாயம் காட்ட வேண்டுமென்றால் சோர்சஸில் ஒரு இஐ.சிஎஃப்ஜி கோப்பு வைக்க வேண்டும்.

தொடங்கும்போதே தடுக்கும் சின்ன விஷயங்கள்

மீடியா கிரியேஷன் டூல் தரும் ஐஎஸ்ஓவில் இன்ஸ்டால்.விம் இருக்காது, இன்ஸ்டால்.இஎஸ்டி இருக்கும். அதை மவுண்ட் செய்து திருத்த முடியாது. 'எக்ஸ்போர்ட்-இமேஜ்' மூலம், 'கம்ப்ரெஸ்:மேக்ஸ்' சேர்த்து, விம்மாக மாற்றிய பிறகுதான் மேலே போகலாம். ஐஎஸ்ஓவிலிருந்து நகலெடுத்த கோப்புக்கு 'ரீட்-ஒன்லி' குறி ஒட்டிக்கொண்டே வரும். அதை எடுக்காமல் மவுண்ட் செய்தால் அனுமதி இல்லை என்று டிஸ்ம் மறுக்கும். அட்மின் உரிமை இல்லையோ என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான்.

உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் டிஸ்ம், இமேஜைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. விண்டோஸ் 10-இல் உட்கார்ந்து 24எச்2-வைத் திருத்தப்போகிறீர்கள் என்றால் புதிய ஏடிகே-யை (மைக்ரோசாஃப்டின் நிறுவல் கருவித் தொகுப்பு) நிறுவி, அதோடு வரும் டிப்ளாய்மென்ட் டூல்ஸ் ஜன்னலைத் திறந்து அங்கிருந்து வேலை செய்யுங்கள். மவுண்ட் ஃபோல்டர் உள்ளூர் என்டிஎஃப்எஸ் டிஸ்கில் இருக்கட்டும். நெட்வொர்க் டிரைவும் வேண்டாம், எக்ஸ்ஃபேட் பென்டிரைவும் வேண்டாம். 30 ஜிபியாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோல்டரில் எதை வைக்கிறோம்

24எச்2-வில் பழைய கைகளும் தடுமாறும் இடம் இது. 2024 செப்டம்பரில் வந்த கேபி5043080-இலிருந்து செக்பாயின்ட் முறை தொடங்கியது. அதற்குப் பிறகு வரும் மாதாந்திர அப்டேட்கள் செக்பாயின்டுக்கு மேல் உள்ள வித்தியாசத்தை மட்டும் சுமந்து வருகின்றன. மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்தில் டவுன்லோட் பொத்தானை அழுத்தினால் ஒன்றுக்கு மேற்பட்ட எம்எஸ்யூ (அப்டேட்) கோப்புகள் வருவது இதனால்தான். செக்பாயின்டை விட்டுவிட்டுக் கடைசியை மட்டும் இறக்கினால் வேலை நடக்காது.

எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். 'ஆட்-பேக்கேஜ்' கட்டளையில் கடைசி அப்டேட்டின் பெயரை மட்டும் கொடுங்கள். தேவையான செக்பாயின்டை டிஸ்ம் தானே பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த ஃபோல்டரில் சம்பந்தமில்லாத வேறு எம்எஸ்யூ இருக்கக் கூடாது. பல மென்பொருள்கள் ஓடத் தேவையான டாட்நெட்டின் அப்டேட்டும் எம்எஸ்யூவாகத்தான் வருகிறது. அதற்குத் தனி ஃபோல்டர் போடுங்கள். 'எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கட்டும்' என்ற சோம்பேறித்தனத்துக்கு இங்கே இடமில்லை.

800எஃப்081இ என்று பிழை வந்தால், அந்த அப்டேட் இந்த இமேஜுக்குப் பொருந்தாது என்று பொருள். ஆர்ம்64 பிராசசருக்கான கோப்பை எக்ஸ்64-க்குப் போட்டீர்களா, வேறு பதிப்புக்கானதா என்று முதலில் பாருங்கள். 800எஃப்0823 வந்தால் சர்வீசிங் ஸ்டாக் (அப்டேட்டை நிறுவும் பகுதி) பழையது. இப்போது அது மாதாந்திர அப்டேட்டுக்குள்ளேயே சேர்ந்து வருவதால் இந்தப் பிழை பெரும்பாலும் பழைய விண்டோஸில்தான் எட்டிப்பார்க்கும்.

வரிசை மாறினால் வேலை இரட்டிப்பு

முதலில் மொழிப் பேக்கும் கூடுதல் வசதிகளும். அதன் பிறகு மாதாந்திர அப்டேட். தமிழ் மொழிப் பேக்கைக் கடைசியில் நினைவு வந்து சேர்த்தீர்கள் என்றால், அதன் கோப்புகள் பழைய பதிப்பாகவே உட்கார்ந்திருக்கும். அப்டேட்டை மறுபடி போட வேண்டும்.

டாட்நெட் 3.5 மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதை இயக்கினால் 'முதல் பூட்டில் முடிக்க வேண்டியது' என்று ஒரு வேலை இமேஜில் பாக்கி நிற்கும். பாக்கி இருக்கும்போது, சுத்தம் செய்யும் 'கிளீனப்-இமேஜ்' ஓடாது, 800எஃப்0806 என்று திருப்பி அனுப்பிவிடும். எனவே அப்டேட், சுத்தம் செய்தல், அதன் பிறகு டாட்நெட் 3.5, கடைசியாக டாட்நெட் அப்டேட் என்று போங்கள். சுத்தம் செய்யும்போது 'ரீசெட்பேஸ்' சேர்த்தால் இடம் மிச்சம்தான், ஆனால் அதுவரை போட்ட அப்டேட்டை நிறுவிய கம்ப்யூட்டரில் நீக்க வழியிருக்காது.

டிரைவர் எங்கே போக வேண்டும்

செட்டப் ஜன்னலில் டிஸ்க்கே தெரியவில்லை என்பது அடிக்கடி கேட்கும் புகார். இன்டெல் 11-ஆம் தலைமுறை லேப்டாப்களில் விஎம்டி (டிஸ்க்கை இன்டெல் கன்ட்ரோலர் வழியாக நடத்தும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால் இது சகஜம். டிரைவரை இன்ஸ்டால்.விம்மில் சேர்த்தால் போதாது. டிஸ்க்கைத் தேடுவது பூட்.விம்மின் இன்டெக்ஸ் 2. அங்கேயும் சேர்க்க வேண்டும். நிறுவும் இஎக்ஸ்இ கோப்பு இதற்கு உதவாது. அதைப் பிரித்து உள்ளே இருக்கும் ஐஎன்எஃப் ஃபோல்டரைக் காட்டுங்கள். பழைய மெஷின் ஒன்றுக்காக இன்னும் விண்டோஸ் 7 போடுபவர்களுக்கும் இதே கதைதான்: யுஎஸ்பி 3.0 டிரைவர் பூட்.விம்மில் இல்லாவிட்டால் செட்டப் திறந்ததும் கீபோர்டும் மவுஸும் செத்துக் கிடக்கும். விண்டோஸ் 7 எஸ்பி1-க்கு கேபி3020369 முதலில், அதன் மேல்தான் 2016-இல் வந்த பெரிய தொகுப்பு கேபி3125574.

கமிட் செய்யும் நேரம்

மாற்றங்களை விம்மில் எழுதி மூடுவதுதான் கமிட். இரண்டு மணி நேர வேலை இங்கேதான் வீணாகும். மவுண்ட் ஃபோல்டர் எக்ஸ்புளோரரில் திறந்தே இருக்கிறது, அல்லது கமாண்ட் ஜன்னல் அந்த ஃபோல்டருக்குள் நிற்கிறது. 'அன்மவுண்ட்' கொடுத்தால் முழுவதும் கழற்ற முடியவில்லை என்று சி1420117 வரும். பதற்றத்தில் 'டிஸ்கார்ட்' (மாற்றங்களைக் கைவிடு) போட்டுவிடாதீர்கள். இந்தப் பிழை வரும்போது மாற்றங்கள் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். எல்லா ஜன்னலையும் மூடி, மாற்றங்கள் விம்மில் எழுதப்பட்டனவா என்று பார்த்த பிறகு மறுபடி 'அன்மவுண்ட்' கொடுங்கள். ஆன்டிவைரஸும் கோப்பைப் பிடித்துவைத்திருக்கும். மவுண்ட் ஃபோல்டரை அதன் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டால் வேகமும் கூடும்.

கமிட் ஆனதும் விம் கோப்பு உப்பிப்போயிருக்கும். பழைய தரவு உள்ளேயே கிடப்பதுதான் காரணம். புதுக் கோப்புக்கு எக்ஸ்போர்ட் செய்தால் இளைத்துவிடும்.

வட்டாக்கும் கட்டம்

பூட்.விம்மைப் புதுப்பித்தபின் அதன் இன்டெக்ஸ் 2-இல் இருக்கும் செட்டப்.இஎக்ஸ்இ, செட்டப்ஹோஸ்ட்.இஎக்ஸ்இ இரண்டையும் சோர்சஸ் ஃபோல்டருக்கும் நகலெடுக்க வேண்டும். உள்ளே ஒரு பதிப்பு, வெளியே ஒரு பதிப்பு என்று நின்றால் செட்டப் நடுவில் முறுக்கிக்கொள்ளும். பூட் மேனேஜர் கோப்புகளுக்கும் இதே விதி.

பழைய ஐஎஸ்ஓ எடிட்டரில் திறந்து விம்மை மட்டும் மாற்றிச் சேமிக்க வேண்டாம். 4 ஜிபி தாண்டிய கோப்புக்கு யுடிஎஃப் என்ற வட்டு வடிவம் வேண்டும், பழைய பயாஸுக்கும் புதிய யுஇஎஃப்ஐ-க்கும் தனித்தனி பூட் பதிவு வேண்டும். ஏடிகே-யில் வரும் ஆஸ்சிடிஐஎம்ஜி இரண்டையும் செய்யும். 'பூட்டேட்டா:2' என்று கொடுத்து, இடிஎஃப்எஸ்பூட்.காம், எஃபிசிஸ்.பின் இரண்டின் பாதையையும் இடைவெளி விடாமல் எழுதுங்கள். ஒன்றை விட்டால் ஒரு வகைக் கம்ப்யூட்டரில் மட்டும் பூட் ஆகும்.

24எச்2 ஐஎஸ்ஓ 5 ஜிபியைத் தாண்டும், ஒற்றை அடுக்கு டிவிடியில் அடங்காது. பென்டிரைவ் என்றால் யுஇஎஃப்ஐ-க்காக ஃபேட்32, அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் ஏறாது. 'ஸ்பிளிட்-இமேஜ்' கட்டளையில் அளவை 3800 என்று கொடுத்து எஸ்டபிள்யூஎம் துண்டுகளாக்கி, சோர்சஸில் விம்முக்குப் பதிலாக அவற்றை வையுங்கள்.

செருகிப் பார்ப்பதற்கு முன் 'கெட்-இமேஜ்இன்ஃபோ' கொடுத்து ஒவ்வொரு இன்டெக்ஸின் பில்ட் எண்ணையும் பாருங்கள். 26100-க்குப் பின்னால் வரும் எண் மாதாந்திர அப்டேட்டின் எண்ணோடு பொருந்த வேண்டும். பிறகு ஒரு விர்ச்சுவல் மெஷினில் நிறுவி, ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தி செட்டப்பின் பதிப்பையும், டெஸ்க்டாப் வந்ததும் வின்வர் கட்டளை காட்டும் பதிப்பையும் ஒப்பிடுங்கள். இரண்டாவதாக ஒருமுறை யுஇஎஃப்ஐ-யில் செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பமுள்ள பூட் கோப்பை மட்டும் அனுமதிக்கும் வசதி) போட்டும் நிறுவிப் பாருங்கள். 2011 சான்றிதழில் கையொப்பமான பூட் மேனேஜர், அந்தச் சான்றிதழை ரத்து செய்துவிட்ட கம்ப்யூட்டரில் பூட் ஆகாது. தொடாத மூல ஐஎஸ்ஓவை அழிக்காமல் வையுங்கள். அடுத்த மாத அப்டேட்டை, ஏற்கெனவே திருத்திய இமேஜின் மேல் அடுக்காமல், அந்த மூலத்திலிருந்தே தொடங்குங்கள்.